வாசிப்புக்குப் பதினெட்டு, ஒலிக்கு ஏழு

மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் ஜன்னல் கதவுகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருவது என் வேலை. தெருப்பக்கம் நான்கு, முற்றத்துப் பக்கம் இரண்டு. நான் மூடிய பிறகு என் மாமனார் ஒருமுறை சுற்றி வந்து தாழ்ப்பாள்களைத் தொட்டுப் பார்ப்பார். கடல் காற்றின் உப்பு இசைத்தட்டுகளுக்கு ஆகாது என்பது ஒரு காரணம். தெருச் சத்தம் உள்ளே வரக்கூடாது என்பது இன்னொன்று. புதுச்சேரியில் அந்த நேரத்தில் கடைகளை அடைத்துவிட்டு ஊரே படுத்துவிடும். அந்த அமைதி அவருக்கு வேண்டும். மின்விசிறியையும் நிறுத்திவிடுவார், அதன் உறுமல் தட்டின் இரைச்சலோடு கலந்துவிடும் என்று. பிறகு அந்தப் புழுக்கத்தில் ரேடியோகிராமுக்கு எதிரே இருவரும் உட்காருவோம். எங்கோ அமெரிக்காவில், நான் பிறப்பதற்கு முன்னால் யாரோ வாசித்து வைத்த ஜாஸ் இசையைக் கேட்டு மதிப்பெண் போடுவோம். போடுவோம் என்று சொல்கிறேனே தவிர, போட்டதெல்லாம் நான்தான்.

பிரெஞ்சுக் கொடி இறங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தபோது எனக்குக் கல்யாணம் நடந்தது. வயது பத்தொன்பது. என் பிறந்த வீடு உழவர்கரையில். அப்பா மாதா கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஆர்மோனியம் வாசிப்பேன். மாப்பிள்ளை பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். விடுப்பில் வந்து, என்னைக் கட்டிக்கொண்டு, இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போனார். அவருடைய படையை அல்ஜீரியாவுக்கு அனுப்பியிருந்தார்கள். "பிரான்சுக்குத் திரும்பினதும் ஒன்ன கூப்புட்டுக்கறேன். அதுவரைக்கும் அப்பாவப் பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமியார் இறந்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்தப் பெரிய வீட்டில் மாமனார், சமையல்கார அம்மா, நான், அவ்வளவுதான்.

மாமனார் சைகோனில் பிரெஞ்சு அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அங்கிருந்து வரும்போது மரப்பெட்டிகளில் முந்நூறுக்கு மேற்பட்ட தட்டுகளைக் கொண்டுவந்திருந்தார். என்னிடம் அவர் ஒரு நாளும் குரலை உயர்த்தியதில்லை. ஒவ்வொரு வார்த்தையோடும் ஒரு 'ம்மா' இருக்கும். அதனாலேயே அவரிடம் எதையும் மறுத்துச் சொல்ல வாய் வராது.

இதையெல்லாம் ஆரம்பித்து வைத்தது என் வாய்தான். கல்யாணமாகி நான்கைந்து மாதம் இருக்கும். காலைக் காப்பிக்குப் பிறகு அவர் எப்போதும் ஒரே தட்டைப் போடுவார். கிளாரினெட் தனியாக ஆரம்பிக்கும். பிறகு மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சேர்ந்துகொள்வார்கள். அடுப்படியிலிருந்தே கேட்டுக் கேட்டு அது எனக்கு மனப்பாடம். ஒருநாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள், யோசிக்காமல் சமையல்கார அம்மாவிடம் சொன்னேன்: "இன்னைக்குச் சுருதி அரைக்கட்டை ஏறி ஓடுது."

அந்த அம்மாவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. கூடத்தைப் பார்த்து, "ஐயா! பாட்டு ஏறி ஓடுதாம்!" என்று கத்தினாள். அவரிடம் அவள் எப்போதும் கத்தித்தான் பேசுவாள். ஏன் என்று நான் அப்போது யோசிக்கவில்லை.

மாமனார் அடுப்படி வாசலில் வந்து நின்றார். அதற்கு முன் அவர் அந்தப் பக்கம் வந்ததே இல்லை.

"எத்தினி ஏறுதும்மா?"

"அரைக்கட்டை, மாமா. அதுக்குக் கொஞ்சம் கூடவே இருக்கும்."

என்னைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். ரேடியோகிராமின் வேகத் திருகைத் துளித்துளியாகத் திருப்பினார். "இப்ப?" என்றார். "இன்னும் எறக்குங்க" என்றேன். "இப்ப?" "இப்ப சரியா இருக்கு." கைவிட்டுப் போன சாமான் ஒன்று திரும்பக் கிடைத்ததுபோல என்னைப் பார்த்தார். அன்று மத்தியானம்தான் முதல்முறையாக ஜன்னல்களை மூடச் சொன்னார்.

விஷயம் இதுதான். சைகோனில் அவரோடு வேலை பார்த்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் பாரிசில் இருந்தார். பழைய ஜாஸ் இசைத்தட்டுகளுக்கு அவர் ஒரு கையேடு தயாரித்துக்கொண்டிருந்தார். எந்தத் தட்டில் வாசிப்பு நன்றாக இருக்கிறது, எதில் ஒலிப்பதிவு நன்றாக இருக்கிறது என்று தனித்தனியாக இருபதுக்கு மதிப்பெண். பிரான்சில் கிடைக்காத தட்டுகள் பல மாமனாரிடம் இருந்ததால், அவற்றைக் கேட்டு அட்டை எழுதி அனுப்பும்படி கேட்டிருந்தார். மாமனார் ஒப்புக்கொண்டு ஒரு வருடம் ஆகியும் ஓர் அட்டைகூட எழுதியிருக்கவில்லை.

முதல் வாரம் நான் எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு போட்டேன். எங்கள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் கன்னியாஸ்திரிகள் யாருக்கும் பதினாறைத் தாண்டிப் போட்டதில்லை. பன்னிரண்டு என்பது மரியாதையான எண். மாமனார் அட்டைகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் பன்னெண்டுன்னா நீ எதையும் கேக்கலன்னு அர்த்தம்மா" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பிறகு கேட்க ஆரம்பித்தேன். மைக் வருவதற்கு முந்தைய தட்டுகள் முதலில் எனக்குத் தொல்லையாகத்தான் இருந்தன. ஒரு பெரிய புனலுக்கு முன்னால் எல்லோரும் நெருக்கி நின்று வாசித்தார்களாம். டிரம்ஸை அடித்தால் பதிவு செய்யும் ஊசி எகிறிவிடும் என்று டிரம்ஸ்காரர் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டிருப்பார். பியானோ அடுத்த வீட்டில் கேட்பதுபோல இருக்கும். பாஞ்சோவின் தந்தி மட்டும் தகரக் கூரையில் விழுகிற மழை மாதிரி முன்னால் வந்து நிற்கும். ஒலிக்குக் குறைவாகப் போடும்போது வாசிப்புக்கும் என் கை தானாகக் குறைத்துப் போட்டது. அது தப்பு என்று புரியச் சில வாரங்கள் ஆயின. மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து ஒருவர் பேசினால் சரியாகக் கேட்காது. அதற்காக அவர் சொல்வது குறைந்த விஷயமாகிவிடாது. இதற்கு நேர்மாறான தட்டுகளும் இருந்தன. மூச்சு வாங்குவதுகூடத் துல்லியமாக விழும், வாசிப்பவருக்கோ சொல்ல ஒன்றுமிருக்காது.

ஒரு தட்டை மூன்று முறை கேட்பேன். முதல்முறை முழுசாக. இரண்டாம்முறை பின்னால் நிற்பவர்களை மட்டும். மூன்றாம்முறை இரைச்சலை மட்டும். தட்டை முன்பு வைத்திருந்தவருக்குப் பிடித்த இடம் எது என்றுகூடத் தெரிந்துவிடும். அந்த இடத்தில் கோடு தேய்ந்து சாம்பல் நிறமாகி, ட்ரம்பெட் ஏறும்போது கிறீச்சிடும். சில மத்தியானங்களில் எனக்கு அது பிடித்தும் இருந்தது. கோயில் பாட்டில் ஒரு சுரம் மாற்றினால் சாமியார் திரும்பிப் பார்ப்பார். இங்கே ஒரே பாட்டை ஒருவர் நேற்று வாசித்ததுபோல இன்று வாசிப்பதில்லை.

ஆனால் பிடித்தது கொஞ்சம்தான். முதுகில் வேர்வை ஓடும். புடவை நாற்காலியோடு ஒட்டிக்கொள்ளும். கூடத்தில் மெழுகும் தூசியும் கலந்த வாசனை. ஐந்து மணிக்குக் கோயில் மணி அடித்தால்தான் ஜன்னல் திறக்கலாம். நான் வெளியே போவது ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு, அவரோடு. "இது முடியட்டும்மா. அதுக்குள்ள பிரான்சுக்குப் போக ஒன் பேப்பரும் வந்துடும்" என்பார். மூன்று மைல் தள்ளியிருந்த அம்மா வீட்டுக்குக் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் ரிக்‌ஷாவில் அனுப்பிவைப்பார், மறுநாள் அதே ரிக்‌ஷா வாசலில் வந்து நிற்கும். அம்மாவிடம் ஒருமுறை அழுதேன்.

"கை நீட்றாரா?"

"இல்ல."

"சாப்பாட்டுக்குக் கொறையா?"

"இல்லம்மா."

"அப்புறம் இன்னா? உக்காந்து பாட்டு கேக்கறதுக்கா அழற?"

முகத்தைக் கழுவிக்கொண்டு மறுநாள் ரிக்‌ஷாவில் ஏறினேன்.

ஒரு நாளைக்கு இத்தனை என்று போனால் அடுத்த ஈஸ்டருக்குள் முந்நூறும் முடிந்துவிடும் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அப்போதுதான் பெட்டிகள் வர ஆரம்பித்தன. ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாகப் பிரான்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தன. போகிறவர்கள் மாமனாரிடம் சொல்லிக்கொள்ள வருவார்கள். கூடவே இசைத்தட்டுகள் அடைத்த ஒரு பெட்டி வரும். "இத்தினி கனத்தக் கப்பல்ல ஏத்த முடியாது முசியே. நீங்க வச்சிக்கிங்க" என்பார்கள். குளிருக்கு வாங்கிய புதுக் கம்பளிக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு வேர்த்து நிற்கும் அந்தப் பெண்களுக்கு நான் காப்பி கொடுப்பேன். அவர்கள் போன பிறகு பெட்டியைத் திறந்து எண்ணுவேன். நாற்பது. அறுபத்திரண்டு. ஒருமுறை நூற்றுப்பத்து. ஊரைவிட்டு ஒருவர் போகப்போக நான் இன்னும் சில மாதம் உள்ளே இருந்தாக வேண்டும் என்று ஆயிற்று.

கணவரின் கடிதம் தனியாக எனக்கு வராது. மாமனாருக்கு வரும் உறையில் எனக்கென்று ஒரு தாள் மடித்து இருக்கும். அதை அவர் பிரிக்காமல் என்னிடம் கொடுப்பார். ஆரம்பத்தில் இரண்டு பக்கம் எழுதியவர் பிறகு ஒரு பக்கம், அரைப் பக்கம் என்று குறைத்துக்கொண்டே வந்தார். கடைசியாக வந்ததில் நான்கே வரி. 'உன் முடிவு எதுவானாலும் சரி, நான் வற்புறுத்த மாட்டேன்' என்று முடிந்திருந்தது. என்ன முடிவு என்று எனக்குப் புரியவில்லை. கேட்டு எழுதினேன். அந்தக் கடிதத்தை வழக்கம்போல மாமனாரிடம் கொடுத்தேன், தபாலில் சேர்க்க.

அந்தச் சமயத்தில்தான் அவரோடு எனக்கு முதல் சண்டை வந்தது. ஒரே பாட்டுக்கு இரண்டு தட்டுகள். லேபிளில் வித்தியாசமே இல்லை. லேபிளுக்குப் பக்கத்தில் ஊசி படாத இடத்தில் சன்னமாகக் கீறியிருந்த எண் மட்டும் ஒரு தட்டில் ஒன்று என்றும் மற்றதில் இரண்டு என்றும் முடிந்தது. அதே ஆட்கள் அதே நாளில் இரண்டு தடவை வாசித்திருக்கிறார்கள். முதலாவதில் ஒரு பிசிறு இல்லை. இரண்டாவதில் ட்ரம்பெட்காரர் ஓர் உச்ச சுரத்துக்குப் போகும்போது சத்தம் உடைந்துவிடுகிறது. அவர் பின்வாங்கவில்லை. உடைந்த இடத்திலிருந்தே வேறு பக்கம் திரும்பி நடக்கிறார். ஒரு கணம் மற்றவர்கள் தயங்குகிறார்கள். பிறகு ஒவ்வொருவராக அவர் பின்னாலேயே போகிறார்கள். ஊசியைத் தூக்கி மறுபடியும் முதலிலிருந்து வைத்தேன். நன்றாகத் தேய்ந்துபோன தட்டு அது. வாசிப்புக்குப் பதினெட்டு, ஒலிக்கு ஏழு என்று எழுதினேன். பிசிறில்லாத தட்டுக்கு வாசிப்பில் பதின்மூன்றுதான் போட்டேன்.

மாமனார் அட்டையைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ஒடஞ்ச சுரத்துக்குப் பதினெட்டா?"

"ஒடஞ்சப்பறம் அவர் போற எடத்தக் கேளுங்க, மாமா."

இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். ட்ரம்பெட் உடைகிற இடம் வந்தபோது அவர் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. முடிந்ததும், "இதுதான் சுத்தமா இருக்கு. இதுக்குத்தான் கூடப் போடணும்" என்றார். அவர் சுத்தம் என்று சொன்னது ட்ரம்பெட் உடைகிற தட்டை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமையல்கார அம்மா ஏன் கத்துகிறாள், ஒரு வருடமாக ஏன் ஓர் அட்டைகூட எழுதப்படவில்லை, எல்லாம் விளங்கிற்று. கீழ்ச் சுரங்களும் பேச்சும் அவருக்கு ஓரளவு கேட்கும். மேலே போகப்போக ஒன்றும் கேட்காது. சைகோனில் கேட்டதை ஞாபகத்திலிருந்து எடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

பாவம் என்றுதான் முதலில் தோன்றியது. அன்று சாயங்காலம் ஜன்னல்களைத் திறக்கும்போது இன்னொன்று தோன்றியது: நான் என்ன எழுதினாலும் இவரால் சரிபார்க்க முடியாது.

மறுநாளிலிருந்து நான் கேட்பதை விட்டுவிட்டேன். தட்டு சுழலும். நான் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருப்பேன். பெரும்பாலும் கப்பலை. லேபிளைப் பார்த்துப் பதினொன்று, பதினான்கு, ஒன்பது என்று வாய்க்கு வந்ததை எழுதுவேன். சந்தேகம் வரக்கூடாது என்று கீழே ஒரு குறிப்பும் சேர்ப்பேன். நான்கு ஐந்து என்று போனது ஒரு நாளைக்குப் பதினைந்தாயிற்று. "ஒனக்குக் கை பழகிடுச்சி" என்று மாமனார் சந்தோஷப்பட்டார். இரண்டு வாரத்துக்குள் நூற்றெண்பது அட்டைகள். கட்டிப் பாரிசுக்கு அனுப்பினார்.

இரண்டு மாதம் கழித்து நண்பரிடமிருந்து பதில் வந்தது. கண்ணாடி எங்கோ வைத்துவிட்டேன் என்று சொல்லி, மாமனார் என்னைப் படிக்கச் சொன்னார். பிரெஞ்சில் உரக்கப் படித்தேன். முதலில் வந்த அட்டைகளைப் போல நுட்பமாக இதுவரை யாரும் எழுதி அனுப்பியதில்லை என்று ஆரம்பித்திருந்தார். ஆனால் கடைசியாக வந்தவற்றில் சில தட்டுகள் தன்னிடமும் இருப்பதாகவும், எடுத்துக் கேட்டுப் பார்த்ததில் மதிப்பெண்கள் எதுவும் பொருந்தவில்லை என்றும் எழுதியிருந்தார். பியானோ மட்டுமே வாசிக்கப்பட்ட ஒரு தட்டுக்கு 'டிரம்ஸ் நன்று' என்று குறிப்பு இருக்கிறதாம். 'நண்பரே, உங்கள் காதுக்கு ஏதாவது ஆகிவிட்டதா? இனிச் சிரமப்பட வேண்டாம்' என்று முடித்திருந்தார்.

கடைசி வரியைப் படிக்கும்போது என் குரல் இறங்கிவிட்டது. அவர் விரல்களால் நாற்காலிக் கையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"பியானோ மட்டும் இருக்கற தட்டுல டிரம்ஸ் எங்கேர்ந்தும்மா வந்துச்சி?"

"நான் கேக்கல, மாமா. கேக்காமயே எழுதிட்டேன்."

"எத்தினி?"

"அந்தக் கட்டு பூரா."

"எதுக்கு?"

"முடிஞ்சிட்டா போயிடலாம்னு."

திட்டுவார் என்று காத்திருந்தேன். எழுந்து போய் அலமாரியைத் திறந்தார். துணிகளுக்கு அடியிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"இது வந்து ஒம்போது மாசம் ஆவுது."

உள்ளே என் கணவர் எனக்கு எழுதிய இரண்டு பக்கத் தாள் இருந்தது. பிரான்சுக்குத் திரும்பிவிட்டதாகவும், படை முகாமுக்குப் பக்கத்தில் இரண்டு அறை கிடைத்திருப்பதாகவும், கூட இருக்கும் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுப் பிரெஞ்சுக் கான்சல் அலுவலகத்தில் கொடுத்தால் போதும் என்றும் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, என்ன முடிவு என்று நான் கேட்டு எழுதிய கடிதமும் இருந்தது. தபாலுக்கே போகவில்லை.

"எனக்கு மேல சுரம் எதுவும் கேக்கறதில்லம்மா. நாலு வருஷமாச்சு. பாரிசுல இருக்கறவனுக்கு எழுத முடியல. யாருக்கும் சொல்ல முடியல. நீ போயிட்டா யாரு கேப்பா? இந்தப் பெட்டி முடியட்டும், அப்பறம் குடுத்துடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள இன்னொரு பெட்டி வந்துடும்."

எனக்கு அழுகை வரவில்லை. எழுந்து போய் ஆறு ஜன்னல்களையும் திறந்தேன். மணி மூன்றுகூட ஆகவில்லை. வெயில் நேராகத் தட்டுகளின்மேல் விழுந்தது. அவர் தடுக்கவில்லை. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மறுநாள் காலை தனியாகக் கிளம்பினேன். "நானும் கூட வரட்டா?" என்றாள் சமையல்கார அம்மா. வேண்டாம் என்றேன். வாய்க்காலைத் தாண்டிக் கான்சல் அலுவலகத்துக்கு நடந்துபோய் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அந்த ஊரில் நான் தனியாக நடந்தது அன்றுதான். கணவருக்கு எழுதிய கடிதத்தையும் தபாலில் போட்டேன். அந்தக் கடிதத்தை முதலில் நடந்தது நடந்தபடி எழுதியிருந்தேன். அதைக் கிழித்துவிட்டு, உங்கள் தாள் எங்கோ தங்கிவிட்டு இப்போதுதான் கைக்கு வந்தது என்று மட்டும் வேறொன்று எழுதினேன். தங்கிய இடத்தைச் சொன்னால், அந்த மகனுக்கும் தகப்பனுக்கும் நடுவில் பிறகு ஒன்றும் மிஞ்சாது. நூற்றெண்பது பொய் அட்டைகளை எழுதிய கையால் அதைச் செய்ய எனக்குத் துணிவும் வரவில்லை.

பயண அனுமதி வர மூன்று மாதம் ஆயிற்று. அந்த மூன்று மாதத்தில் நூற்றெண்பது தட்டுகளையும் திரும்பக் கேட்டேன். அவர் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. நானேதான் ஒரு காலையில் பெட்டியைத் திறந்தேன்.

"ஜன்னல் தெறந்துதான் இருக்கும், மாமா. ஃபேன் ஓடும்."

"சத்தம் வருமே."

"வந்தா நிறுத்திட்டு மறுபடியும் போட்டுக்கறேன்."

மீன் விற்கிறவள் கூவிக்கொண்டு போனால் ஊசியைத் தூக்கிவிட்டுக் காத்திருப்பேன். அவர் பக்கத்தில் உட்கார்ந்து தட்டுகளைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார். என் அட்டைகளை வாங்கிப் பார்க்கவில்லை. எல்லாம் முடிந்ததும் நண்பருக்கு அவரே ஒரு கடிதம் எழுதி என்னிடம் படிக்கக் கொடுத்தார். 'என் காது போய் நான்கு வருடமாகிறது. முதல் அட்டையிலிருந்து எல்லாம் என் மருமகள் எழுதியவை' என்று இருந்தது. அதை எழுத அவருக்கு இரண்டு நாள் பிடித்தது. நண்பரின் பதில் என் பெயருக்கே வந்தது. சில தட்டுகளைப் பற்றி மேலும் கேட்டிருந்தார். நான் கிளம்பும் அவசரத்தில் இருந்தேன், பதில் எழுதவில்லை.

பம்பாய் போய்க் கப்பலேறி, இருபது நாளுக்குப் பிறகு ஒரு குளிர்ந்த ரயில் நிலையத்தில் இறங்கினேன். கணவர் இளைத்துப்போயிருந்தார். மறுநாள் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போது கேட்டார்: "ஒம்போது மாசம் அந்தக் கடுதாசி எங்க இருந்துச்சி?"

"தெரியல. எங்கியோ மாட்டிக்கிச்சி."

"நீ வர இஷ்டமில்லாம இருக்கறேன்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"தெரியும்" என்றேன்.

சில வருடம் கழித்து, புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருடத்தில் மாமனார் இறந்துபோனார். மகன் பலமுறை கூப்பிட்டும் அவர் பிரான்சுக்கு வரவில்லை. தந்தி வந்த அன்று கணவர் சீருடையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்து அழுதார். அழுகைக்கு நடுவே, "எங்கப்பா எங்கிட்ட ஒரு பொய் சொன்னதில்ல. ஒன்ன எப்பிடிப் பாத்துக்கினாரு, நீயே சொல்லு" என்றார்.

"நல்லா பாத்துக்கினாரு" என்று சொன்னேன். அவர் முதுகைத் தடவிக்கொடுத்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.